புனைபெயருக்குள் மறைந்த ராணுவ இசைஞர்: ‘கர்னல் போகி’ ஃப்ரெட்ரிக் ரிக்கெட்ஸின் வாழ்க்கை

1957-ஆம் ஆண்டு வெளியான ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ திரைப்படத்தில், கிழிந்த காலணிகளுடன் முகாமுக்குள் நுழையும் போர்க்கைதிகள் சீட்டியடித்தபடி அணிவகுத்து வருவார்கள். அக்காட்சியின் மூலம் உலகெங்கும் பரவிய இசை ‘கர்னல் போகி’. அதன் இசைத்தாள்களில் ஆசிரியராக அச்சிடப்பட்டிருக்கும் பெயர் கென்னத் ஜே. ஆல்ஃபோர்டு. அது புனைபெயர். அதற்குப் பின்னால் இருந்தவர் ஃப்ரெட்ரிக் ஜோசப் ரிக்கெட்ஸ் எனும் பிரிட்டிஷ் ராணுவ இசைஞர். பதினான்காம் வயதில் சீருடை அணிந்த அவர், ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்தே அதைக் களைந்தார்.

1881-ஆம் ஆண்டு பிப்ரவரி 21-ஆம் தேதி கிழக்கு லண்டனின் துறைமுகப் பகுதியில் ரிக்கெட்ஸ் பிறந்தார். தந்தை நிலக்கரி வணிகர். மகனுக்கு ஏழு வயதாக இருந்தபோது தந்தையும், பதினான்கு வயதில் தாயும் காலமாயினர். சிறுவயதிலேயே பியானோவும் ஆர்கனும் பயின்றிருந்த அச்சிறுவன், 1895-இல் ராயல் ஐரிஷ் ரெஜிமென்டின் இசைக்குழுவில் சிறுவர் இசைஞராகச் சேர்ந்தான். கார்னெட் எனும் ஊதுகருவி அவனிடம் ஒப்படைக்கப்பட்டது.

ஆதரவற்ற சிறுவர்களுக்கு அக்காலப் பிரிட்டனில் ராணுவ இசைக்குழு ஒரு புகலிடமாக விளங்கியது. உணவு, உடை, தங்குமிடம், சிறு ஊதியம், கூடவே ஒரு தொழில் ஆகியவை ஒரே இடத்தில் கிடைத்தன. எனினும், அதற்கு ஈடாக அவர்கள் கொடுத்தது தம் இளமை முழுவதையும். படைப்பிரிவு எங்கே அனுப்பப்படுகிறதோ அங்கே அச்சிறுவர்களும் செல்ல வேண்டும். ரிக்கெட்ஸும் அவ்வாறே அயர்லாந்திலிருந்து இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார். கன்டோன்மென்டுகளின் அன்றாடம் இசைக்குழுவின்றி நடைபெறாத காலம் அது. காலை அணிவகுப்பு, ஞாயிறு வழிபாடு, அதிகாரிகளின் இரவு விருந்து, மாலைப் பூங்காவில் குடும்பத்தினர் உலவும் வேளை என எல்லாவற்றுக்கும் இசை தேவைப்பட்டது. இக்குழுக்களின் செலவில் ஒரு பகுதியை அதிகாரிகளே தம் ஊதியத்திலிருந்து சந்தாவாகச் செலுத்தி வந்தனர். எனவே அவர்களது விருப்பமே பெரும்பாலும் நிகழ்ச்சி நிரலையும் தீர்மானித்தது.

இசைக்குழுவின் பிற கருவிகளையும் ரிக்கெட்ஸ் ஒவ்வொன்றாகப் பழகிக்கொண்டார். பிற்காலத்தில் அவர் எழுதிய இசையில் இதன் பயன் தெளிவாகத் தெரியும். முதன்மை மெட்டை வாசிப்பவருக்கு மட்டுமன்றி, பின்வரிசையில் அமர்ந்து தாழ்ந்த சுரங்களை ஊதுபவருக்கும் அவரது படைப்புகளில் சுவையான பங்கு இருக்கும். பல ஆண்டுகள் பின்வரிசையில் அமர்ந்தவருக்கே அந்த அக்கறை வாய்க்கும்.

1904-இல் அவருக்கு நெல்லர் ஹாலில் பயிலும் வாய்ப்பு கிடைத்தது. லண்டனுக்கு மேற்கே ட்விக்கன்ஹாம் அருகே அமைந்திருந்த இந்த ராணுவ இசைப் பள்ளி தோன்றியதற்குக் காரணம் ஓர் அவமானம் என்று சொல்லப்படுவதுண்டு. கிரிமியப் போரின்போது 1854-இல் துருக்கியின் ஸ்குடாரியில் நடைபெற்ற அணிவகுப்பில், பிரிட்டிஷ் இசைக்குழுக்கள் ஒன்றுகூடித் தேசிய கீதத்தை வாசித்தன. ஒவ்வொரு குழுவும் தனக்குப் பழகிய சுருதியிலும் அமைப்பிலும் வாசித்ததால், கூடியிருந்த நேசநாட்டுத் தளபதிகளின் முன்னிலையில் பெருங்குழப்பம் விளைந்தது. அதுவரை பல படைப்பிரிவுகள் ஜெர்மானியர் உள்ளிட்ட சிவிலியன் இசைஞர்களையே குழுத் தலைவர்களாக அமர்த்தி வந்தன. ராணுவமே தன் பேண்ட் மாஸ்டர்களைப் பயிற்றுவிக்க வேண்டும் என்ற எண்ணத்துடன் 1857-இல் நெல்லர் ஹால் பள்ளி தொடங்கப்பட்டது. சுதந்திர இந்தியாவின் ராணுவமும் மத்தியப் பிரதேசத்தின் பச்மரியில் தனக்கெனத் தனி இசைப் பயிற்சிப் பிரிவு ஒன்றைப் பின்னர் அமைத்துக்கொண்டது.

பயிற்சி முடிந்த பின்னரும் நெல்லர் ஹால் ரிக்கெட்ஸை உடனே விடவில்லை. மேலும் இரண்டு ஆண்டுகள் அங்கேயே பணியாற்றிய பிறகு, 1908-இல் ஆர்கைல் அண்டு சதர்லேண்டு ஹைலேண்டர்ஸ் படைப்பிரிவின் 2-ஆவது பட்டாலியனுக்கு அவர் பேண்ட் மாஸ்டராக நியமிக்கப்பட்டார். அப்போது அந்தப் பட்டாலியன் தென்னாப்பிரிக்காவில் இருந்தது. 1854-இல் பாலக்ளாவாவில் ரஷ்யக் குதிரைப்படையை எதிர்த்து நின்ற அதன் முன்னோடிகளுக்கு மெல்லிய செந்நிறக் கோடு என்ற பட்டம் நிலைத்திருந்தது. அந்தப் பெயரையே தலைப்பாகக் கொண்டு ‘தி தின் ரெட் லைன்’ என்ற அணிநடை இசையை ரிக்கெட்ஸ் உருவாக்கினார். அது அச்சேறியது 1925-இல்தான்.

‘கர்னல் போகி’ பிறந்தது 1914-இல், ஸ்காட்லாந்தின் இன்வெர்னஸ் அருகேயுள்ள ஃபோர்ட் ஜார்ஜ் கோட்டையில் பட்டாலியன் தங்கியிருந்தபோது. கோல்ஃப் ஆட்டத்தில் பந்து பறக்கும் திசையில் நிற்பவர்களைக் குரல் எழுப்பி எச்சரிப்பது வழக்கம். ரிக்கெட்ஸுடன் ஆடிய ஒருவர் குரல் எழுப்பாமல், உயர்ந்து பின் தாழும் இரண்டு சுரங்களைச் சீட்டியடித்தாராம். அந்த இரண்டு சுரங்களே மெட்டின் தொடக்கமாயின என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. போகி என்பதும் கோல்ஃப் வட்டாரச் சொல்லே. ஆட்டக்காரர் விஞ்ச வேண்டிய கற்பனை எதிராளியை அது குறித்தது. ராணுவ, கடற்படை அதிகாரிகள் ஆடிய சங்கங்களில் எல்லோருக்கும் பதவி இருந்ததால், அந்தக் கற்பனை மனிதருக்கும் கர்னல் பதவி வழங்கப்பட்டுவிட்டது.

இசைக்குச் சொந்தக்காரர் தம் பெயரைப் போட்டுக்கொள்ள இயலவில்லை. படையில் இருப்போர் வெளியுலகில் வேறு தொழில் நடத்துவதை அன்றைய ராணுவம் விரும்பவில்லை. இசைத்தாள் வெளியீடு வணிகம்; பேண்ட் மாஸ்டரோ அரசரின் ஊழியர். மூத்த மகன் பெயரான கென்னத்தையும் தாயின் பிறந்த வீட்டுப் பெயரான ஆல்ஃபோர்டையும் இணைத்து, நடுவே தம் இரண்டாம் பெயரின் முதலெழுத்தை வைத்து ஒரு புதுப்பெயரை ரிக்கெட்ஸ் அமைத்துக்கொண்டார். பதினான்கு வயதில் இழந்த தாயின் குடும்பப் பெயர் அவ்வாறே உலகப் புகழ் பெற்றது. அவருடைய தம்பி ராண்டால்ஃபும் ராணுவ பேண்ட் மாஸ்டரே. அவரும் லியோ ஸ்டான்லி என்ற மாற்றுப்பெயரில் இசை எழுதினார்.

‘கர்னல் போகி’ எழுதப்பட்ட அதே ஆண்டு ஆகஸ்டில் முதல் உலகப்போர் வெடித்தது. ஃபோர்ட் ஜார்ஜிலிருந்து பிரான்ஸ் சென்ற 2-ஆவது பட்டாலியன், அதே மாதம் 26-ஆம் தேதி ல கதோ போரில் பேரிழப்பைச் சந்தித்தது. போர்க்களத்தில் ராணுவ இசைஞர்களின் பணி வேறு. வாத்தியங்களை ஒதுக்கிவிட்டு, காயமுற்றோரைத் தூக்குப்படுக்கையில் சுமப்பதே அவர்களுக்கு வழக்கமாக ஒதுக்கப்பட்ட கடமை.

போர்க்காலத்தில் ரிக்கெட்ஸ் எழுதிய படைப்புகளின் பெயர்களே அவர் மனநிலையின் மாற்றத்தைக் காட்டுகின்றன. 1916-இல் ‘தி கிரேட் லிட்டில் ஆர்மி’. 1917-இல் பீரங்கிப் படையினரைப் போற்றும் ‘தி வாய்ஸ் ஆஃப் தி கன்ஸ்’. 1918-இல் ‘தி வானிஷ்டு ஆர்மி’, அதாவது மறைந்துபோன படை. போரின் தொடக்கத்தில் உயிரிழந்த முதல் ஒரு லட்சம் வீரர்களுக்கு அது காணிக்கையாக்கப்பட்டது. நடக்க வைப்பதற்காகவே உருவான ஒரு இசை வடிவத்தில் துக்கத்தையும் சுமக்க முடியும் என்பதை அது நிறுவியது. மக்கள் சீட்டியடித்தது ‘கர்னல் போகி’யைத்தான், ஆனால் ரிக்கெட்ஸின் ஆற்றலை அறிய விழைவோர் கேட்க வேண்டியது இதையே.

பிரிட்டனின் அணிநடை இசை மன்னர் என்று அவர் போற்றப்பட்டபோது, அமெரிக்காவின் ஜான் ஃபிலிப் சூசாவுடன் ஒப்பிடப்படுவது இயல்பாயிற்று. இருவருமே சிறுவயதில் ராணுவ இசைக்குழுவில் சேர்ந்தவர்கள். ஆனால் சூசா 1892-இல் படையை விட்டு விலகி, சொந்தக் குழு அமைத்து, நாடு நாடாகப் பயணம் செய்து பெரும் செல்வம் ஈட்டினார். நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட அணிநடை இசைகளை எழுதினார். ரிக்கெட்ஸ் எழுதியவை இருபதுக்குச் சற்றே குறைவு. அவர் படையிலேயே தங்கினார். விருந்துக்கும் அணிவகுப்புக்கும் ஒத்திகைக்கும் போக மிஞ்சிய நேரத்தில் எழுதப்பட்டவை அவருடைய படைப்புகள் என்பதை இந்த ஒப்பீட்டைச் செய்வோர் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். 1930-களின் தொடக்கத்திற்குள் ‘கர்னல் போகி’ இசைத்தாள் பத்து லட்சத்துக்கும் அதிகமாக விற்றுவிட்டது. அப்போதும் அவர் சம்பளத்துக்குப் பணிபுரிந்த சீருடை ஊழியராகவே இருந்தார்.

ஆர்கைல் படைப்பிரிவில் பத்தொன்பது ஆண்டுகள் கழித்த பிறகு, 1927-இல் கடற்படையைச் சார்ந்த ராயல் மரீன்ஸுக்கு அவர் மாறினார். கமிஷன் பெற்ற அதிகாரி என்ற தகுதி அங்கேதான் கிட்டியது. முதலில் டீல் நகரிலும், 1930 முதல் பிளிமத்திலும் இசை இயக்குநராகப் பணியாற்றினார். இரண்டாம் உலகப்போரில், 1941-இல், ஜெர்மானிய விமானங்களின் குண்டுவீச்சில் பிளிமத் நகரின் மையப்பகுதி தரைமட்டமானது. அதே ஆண்டு, வட ஆப்பிரிக்காவில் ஜெனரல் வேவலின் தலைமையில் போரிட்ட வீரர்களைப் போற்றி ‘ஆர்மி ஆஃப் தி நைல்’ எழுதினார். அந்த வேவலே இரண்டு ஆண்டுகளில் இந்தியாவின் வைஸ்ராயாகப் பொறுப்பேற்றார். பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்த அமெரிக்கத் தன்னார்வலர்களுக்காக 1942-இல் எழுதிய ‘ஈகிள் ஸ்குவாட்ரன்’ அவருடைய கடைசிப் படைப்புகளுள் ஒன்று. இதற்கிடையே ‘கர்னல் போகி’ மெட்டுக்கு ஹிட்லரை எள்ளி நகையாடும் கொச்சையான வரிகளைச் சேர்த்துப் படைவீரர்கள் பாடத் தொடங்கியிருந்தனர்.

உடல்நலக் குறைவால் 1944-இல் ரிக்கெட்ஸ் ஓய்வு பெற்றார். ஐரோப்பாவில் போர் முடிவுக்கு வந்த ஒரு வாரத்தில், 1945-ஆம் ஆண்டு மே 15-ஆம் தேதி, லண்டனுக்குத் தெற்கே ரைகேட் நகரில் அவர் காலமானார். அவருக்கு வயது 64.

பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர் வெளியான டேவிட் லீனின் திரைப்படம் அவரது மெட்டை மீண்டும் உலகின் செவிகளில் ஒலிக்கச் செய்தது. சிறந்த படம், சிறந்த இசை உள்ளிட்ட ஏழு ஆஸ்கர் விருதுகளை அது வென்றது. இசைக்கான விருது மால்கம் ஆர்னால்டுக்குச் சென்றது. சீட்டிக்கு ஈடாக இசைக்குழு எதிர்மெட்டு வாசிக்கும் பகுதி ஆர்னால்டுடையது. சீட்டியடிக்கப்படும் மெட்டு ரிக்கெட்ஸுடையது. படம் எடுக்கப்பட்டது இலங்கையின் கித்துல்கலவில், களனி ஆற்றங்கரையில்.

அப்படம் கதைக்களமாகக் கொண்ட சயாம்–பர்மா ரயில்பாதையை ஜப்பானிய ராணுவம் 1942–43-இல் அமைத்தது. ஏறத்தாழ 415 கி.மீ. நீளமுள்ள அப்பாதையில் 12,000-க்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் மாண்டனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர்கள் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளர்களின் உயிரிழப்பு அதைவிடப் பன்மடங்கு. திரைப்படத்தின் கதையோ போர்க்கைதிகளைச் சுற்றியே நகர்கிறது. 1962-இல் லீன் இயக்கிய ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’விலும் ரிக்கெட்ஸின் ‘தி வாய்ஸ் ஆஃப் தி கன்ஸ்’ இடம்பெற்றது.