விகெர்ன் பெரியாரும் வருகைக்கால விளக்குகளும்

கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு முன்னர், நான்கு ஞாயிற்றுக்கிழமைகளை உடையதாய் வரும் திருவருகைக் காலம், காத்திருத்தற்கென்றே அமைந்த காலமாகும். ஆயினும், நம்மிற் பலர்க்கு அது தேர்வையும் பிரயாணத்தையும் புத்தாடையையும் பற்றிய நினைவிலே கழிந்துவிடுகின்றது. காத்திருத்தல் என்பது யாது எனத் தம் செய்கையாற் காட்டியவர் ஜெர்மனி தேசத்து விகெர்ன் பெரியார். அவர்தம் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

யோகான் ஹின்ரிக் விகெர்ன் 1808-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 21-ஆம் தேதி ஹாம்பர்க் நகரிலே பிறந்தார். மக்கள் எழுவருள் இவரே மூத்தவர். பதினைந்து வயதிலே தந்தையை இழந்த இவர், பிள்ளைகட்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்துப் பொருளீட்டித் தாயையும் உடன்பிறந்தாரையும் தாங்கினார். பின்னர்க் கெட்டிங்கனிலும் பெர்லினிலும் வேதசாஸ்திரம் பயின்று ஊர் திரும்பினார்.

அங்கு ஓய்வுநாட் பள்ளியொன்றில் ஆசிரியராயமர்ந்து, மாணவர்தம் இல்லங்களுக்குச் சென்றபோது, பசியும் அழுக்கும் குடியும் நிறைந்த குடிசைகளையும், தெருவிலே திரியும் சிறுவரையும் கண்டு நெஞ்சம் உருகினார். 1833-ஆம் ஆண்டிலே, சீவெகிங் என்னும் பிரபு அளித்த கூரை வீடொன்றில் தம் அன்னையாருடன் குடிபுகுந்து, அத்தகைய சிறுவரை ஏற்கத் தொடங்கினார். அதுவே ரௌஹெஸ் ஹௌஸ் என்னும் இல்லம். அதற்கு மதிலில்லை, தாழில்லை. வந்த சிறுவனது பழம்பிழை யாதாயினும், அது மன்னிக்கப்பட்டதென்று முதலிலேயே அவனுக்கு உணர்த்தப்பட்டது. சிறுவர் சிறுசிறு குடும்பங்களாகப் பிரிந்து வாழ்ந்து, கல்வியோடு கைத்தொழிலும் கற்றனர்.

திருநாள் என்று வருமென்று அச்சிறுவர் ஓயாது வினவினர் என்பர். காலண்டரைக் காட்டி வாய் அடக்குதல் எளிது. விகெர்னோ, 1839-ஆம் ஆண்டு திருவருகைக் காலத்திலே, பெரிய மரச்சக்கரம் ஒன்றில் ஞாயிறுகளுக்கென நான்கு பெரிய வெண்மெழுகுவர்த்திகளும், ஏனைய நாட்களுக்கெனச் சிறிய செவ்வர்த்திகளும் பொருத்தினார். அவ்வாண்டு டிசம்பர் முதல் தேதியே முதல் ஞாயிறாதலின், சிறியவை இருபது. நாடோறும் மாலை ஜெபத்தில் ஒன்று புதிதாக ஏற்றப்பட்டது. சக்கரம் திருநாளை ஒரு நாளேனும் முன்னே கொணர்ந்ததன்று. ஆயினும், குளிர்காலத்து இருள் மிகுந்துவரும் நாட்களிலே அறையின் ஒளியோ வளர்ந்துவந்தது. நம்புதற்கு ஒருவரையும் பெறாதிருந்த அச்சிறுவர், வாக்கொன்று நாள்தவறாமல் நிறைவேறிவருதலைத் தம் கண்ணாற் கண்டனர்.

பின்னாளில், 1848-ஆம் ஆண்டு விட்டன்பர்க்கிலே கூடிய திருச்சபையாரை ஏழைகட்குத் தொண்டாற்றுமாறு எழுப்பியும், பிரஷ்ய நாட்டுச் சிறைச்சாலைகளின் சீர்திருத்தத்துக்கு உழைத்தும், 1881-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் தேதி ஹாம்பர்க்கிலேயே காலமானார். அவரது சக்கரம் நான்கு விளக்குடைய பசுந்தழை வளையமாகி, இன்று பல தேசத்துக் கோவில்களிலும் விளங்குகின்றது.

மாணவ நண்பர்களே, நகரத்தின் வறுமை முழுதும் நீங்கும்வரை விகெர்ன் கைகட்டிக் காத்திருந்தாரல்லர். ஒரு வீட்டையும் சில சிறுவரையும் கொண்டே தொடங்கினார். ஆண்டவர் வருகைக்குக் காத்திருத்தலாவது, இன்றைய விளக்கை இன்றே ஏற்றுதல் என்பதை யாம் அவர்பால் அறிகின்றோம். கடன்பட்ட அன்பு, தீராத பகை, எழுதப்படாத கடிதம் என நம் ஒவ்வொருவர்க்கும் ஏற்றப்படாத விளக்கொன்று இருத்தல் கூடும். வரும் திருவருகைக் காலத்தில் அதனை நாடி ஏற்றுவோமாக.