பாலரிடம் பாடம் கற்ற அம்மையார்: டாக்டர் மரியா மாண்டிசோரி



யூபிலி ஆண்டில் நாம் நம் ஆலயத்தை எழுப்பியவர்களையும், நமக்கு ஞான வழி காட்டிய குருக்களையும், கன்னியர்களையும் நன்றியோடு நினைவு கூர்கிறோம். அது நம் கடமை. ஆனால் கல்லாலும் சுண்ணாம்பாலும் எழுந்த ஆலயத்தை நினைக்கும்போது, நம் பங்கில் நாள்தோறும் வளர்ந்துவரும் உயிருள்ள ஆலயங்களாகிய குழந்தைகளை மறந்துவிடலாகாது. நம் சேலம் மறைமாவட்டத்தின் பேராலயமே குழந்தை இயேசுவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆகவே இம்மலரில், சின்னஞ்சிறார்க்குக் கற்பிப்பது எப்படி என்பதை அச்சிறாரிடமிருந்தே கற்றுக்கொண்ட ஓர் அம்மையாரின் வாழ்க்கையை எழுத முற்பட்டோம்.

அவர் பெயர் நமக்குப் புதிதன்று. தமிழ்நாட்டின் எந்த ஊருக்குப் போனாலும் ஏதேனும் ஒரு பாலர் பள்ளியின் பெயர்ப் பலகையில் மாண்டிசோரி என்ற சொல்லைக் காணலாம். அது ஒரு பெண்மணியின் பெயர் என்பதையும், அவர் நம் சென்னையிலும் கொடைக்கானலிலும் வாழ்ந்து நம் நாட்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவர் என்பதையும் அறிந்தவர் சிலரே.

மருத்துவர் ஆன மாணவி

மரியா மாண்டிசோரி 1870ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் நாள் இத்தாலி நாட்டில் கியாரவாலே என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோருக்கு ஒரே பிள்ளை. தந்தை அரசாங்க உத்தியோகஸ்தர். தாயார் ரெனில்தே நூல்கள் வாசிப்பதில் பெருவிருப்பம் உள்ளவர். குடும்பம் ரோமாபுரிக்குக் குடிபெயர்ந்தபின் மரியா ஆண் பிள்ளைகள் படிக்கும் தொழிற்கல்விப் பள்ளியில் சேர்ந்தார். பொறியியல் படிக்க எண்ணியவர் பின்னர் மனம் மாறி மருத்துவம் படிக்கத் துணிந்தார்.

அக்காலத்தில் இத்தாலியில் பெண்கள் மருத்துவம் படிப்பது அரிது. பிணத்தை அறுத்துப் பயிலும் பாடத்தை ஆண் மாணவர்களோடு சேர்ந்து செய்ய அவருக்கு அனுமதி இல்லை. எல்லாரும் போனபின் அந்தி வேளையில் தனியே நின்று அவ்வேலையைச் செய்தார். இத்தனை இடையூறுகளையும் தாண்டி 1896இல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதல் பெண் மருத்துவர்களில் அவரும் ஒருவர்.

ஒதுக்கப்பட்டோர் கொடுத்த அழைப்பு

பட்டம் பெற்றபின் பல்கலைக்கழக மனநல மருத்துவப் பிரிவில் வேலை. நோயாளிகளைப் பார்வையிட மனநோய் விடுதிகளுக்குப் போனபோது, மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளும் பெரியவர்களோடு அடைத்து வைக்கப்பட்டிருப்பதைக் கண்டார். அவர்கள் கையில் ஒரு விளையாட்டுப் பொருள்கூட இல்லை. உண்டபின் தரையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளை அக்குழந்தைகள் பொறுக்கி உருட்டுவதைப் பார்த்த அவர், அது வயிற்றுப் பசியன்று, கைகளின் பசி, அறிவின் பசி என்று உணர்ந்ததாகச் சொல்வார்கள்.

அன்று முதல் இக்குழந்தைகளுக்கு வேண்டியது மருந்தைவிடக் கல்வியே என்ற எண்ணம் அவருக்குள் வேரூன்றியது. காட்டில் அகப்பட்ட பேசாச் சிறுவனுக்குக் கற்பிக்க முயன்ற பிரெஞ்சு மருத்துவர் இத்தார், அவர் வழி நின்ற செகுவேன் ஆகியோரின் நூல்களைத் தேடிப் படித்தார். படித்தது மனத்தில் நன்றாகத் தங்கவேண்டும் என்று அந்நூல்களைத் தம் கையாலேயே மொழிபெயர்த்து எழுதினார். 1900இல் இத்தகைய குழந்தைகளுக்காக ரோமில் தொடங்கிய பயிற்சிப் பள்ளிக்கு இணை இயக்குநரானார். பகல் முழுதும் பிள்ளைகளோடு இருப்பார். இரவில் அன்று கண்டதைக் குறிப்பெழுதி அடுத்த நாளுக்குப் புதிய சாதனங்களை வரைவார்.

நாளடைவில் அப்பிள்ளைகளில் சிலர் வாசிக்கவும் எழுதவும் கற்று, மற்றப் பிள்ளைகள் எழுதும் பொதுத் தேர்விலேயே தேறினார்கள். ஊரே வியந்து பாராட்டியது. அம்மையாரோ வேறொன்றை எண்ணி வியந்தார். குறைபாடுள்ள பிள்ளைகள் இவ்வளவு தூரம் வரமுடியுமானால், நல்ல உடலும் அறிவும் உள்ள பிள்ளைகள் பள்ளிகளில் இவ்வளவு பின்தங்கி நிற்பானேன்? குறை பிள்ளையிடமா, பள்ளியிடமா? இக்கேள்வியே அவர் வாழ்க்கையைத் திருப்பியது. 1901இல் அப்பணியை விட்டு மீண்டும் பல்கலைக்கழகம் புகுந்து தத்துவமும் மானிடவியலும் பயின்றார்.

இதே ஆண்டுகளில் அவருடைய சொந்த வாழ்வில் பெருந்துயர் ஒன்று நேர்ந்தது. உடன் பணியாற்றிய டாக்டர் மொந்தெசானோவிடம் அன்பு கொண்டு, 1898இல் மாரியோ என்னும் மகனைப் பெற்றார். திருமணம் நடைபெறவில்லை. வெளியே தெரிந்தால் பணியும் பெயரும் போய்விடும் என்ற நிலையில் குழந்தையைக் கிராமத்துக் குடும்பம் ஒன்று வளர்த்தது. அவர் அவ்வப்போது போய்ப் பார்ப்பார். தாய் என்று சொல்லிக்கொள்ள முடியாது. தீர்ப்பிடுவது நம் வேலையன்று. ஊரார் பிள்ளைகளை ஊன்றிப் பார்த்த அந்தக் கண்களுக்குப் பின்னால் ஒரு தாயின் ஏக்கம் இருந்தது என்று மட்டும் சொல்லுவோம். மகனுக்கு ஏறத்தாழ பதினைந்து வயதானபோது, தம் தாயார் இறந்தபின், அவனைத் தம்மோடு அழைத்துக்கொண்டார்.

மூன்று இராஜாக்கள் திருநாளில்

ரோமாபுரியில் சான் லொரென்ஸோ என்பது ஏழைத் தொழிலாளர் வாழும் பகுதி. அங்குள்ள அடுக்குமாடி வீடுகளில் தாய் தந்தையர் வேலைக்குப் போனதும் சிறு பிள்ளைகள் படிக்கட்டுகளில் ஓடிச் சுவர்களைப் பாழாக்கினார்கள். கட்டட உரிமையாளர்கள் அவர்களை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ளும்படி அம்மையாரைக் கேட்டார்கள். 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், மூன்று இராஜாக்கள் திருநாளன்று, ஏறத்தாழ ஐம்பது பிள்ளைகளோடு குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. பார்த்துக்கொள்ள அமர்த்தப்பட்டவர் ஆசிரியப் பயிற்சி பெறாத எளிய பெண்.

அம்மையார் பிள்ளைகளின் அளவுக்கேற்ற மேசை நாற்காலிகளைச் செய்வித்தார். பொருள்களைக் கைக்கெட்டும் தட்டுகளில் வைக்கச் செய்தார். பின்பு பேசாமல் உட்கார்ந்து பார்த்தார். மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மரக்கட்டையின் குழிகளில் உருளைகளைப் பொருத்தி எடுக்கும் வேலையில் மூழ்கியிருந்தாள். சுற்றிலும் மற்றப் பிள்ளைகளைப் பாடச் சொன்னார். அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார். அவள் கவனம் கலையவில்லை. நாற்பது தடவைக்கு மேல் செய்துவிட்டுக் களைப்பின்றி மலர்ந்த முகத்தோடு தானே நிறுத்திக்கொண்டாள். இன்னொரு நாள், மூக்கைச் சத்தமின்றித் துடைப்பது எப்படி என்று அம்மையார் செய்து காட்டினார். பிள்ளைகள் கைதட்டி ஆரவாரம் செய்தார்கள். எந்நேரமும் ஏச்சு வாங்கிய ஒரு காரியத்தை ஒருவர் மரியாதையோடு சொல்லிக் கொடுத்தது அவர்களுக்கு அதுவே முதல் தடவை.

எழுத்துக்களை உப்புத்தாளில் வெட்டி ஒட்டி, விரலால் தடவிப் பழகச் செய்தார். திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதிப் பழகிய நம் பாட்டன்மாருக்கு இது விளங்கும். நிறங்களைப் பிரித்தறியப் பட்டு நூல் சுற்றிய சிறு பலகைகளைக் கொடுத்தார். எட்டு நிறம், ஒவ்வொன்றிலும் எட்டுச் சாயல், ஆக அறுபத்து நான்கு. நம் அம்மாபேட்டையில் ராட்டையில் தார் சுற்றும் தாயருகே அமர்ந்து நூல்களைப் பார்த்தே வளர்ந்த பிள்ளை, இந்தப் பாடத்தில் யாருக்கும் பின்வாங்காது!

1908 இறுதியில் மெசினா நகரைப் பூகம்பம் அழித்தது. அநாதைகளான குழந்தைகளை ரோமில் மரியின் பிரான்சிஸ்கன் மிஷனெரிக் கன்னியர்கள் தங்கள் மடத்தில் ஏற்றார்கள். அங்கும் அம்மையாரின் முறையில் பள்ளி தொடங்கியது. பேச்சிழந்து, உணவு வெறுத்திருந்த பிள்ளைகள் மெல்ல மெல்ல மலர்ந்தார்கள். இக்கன்னியர் சபை நம் உதகமண்டலத்தில் தோன்றியது என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. அதற்குத் திருத்தந்தையின் அனுமதி கிடைத்ததும் 1877 ஜனவரி 6ஆம் நாளே!

நம் மண்ணில் அம்மையார்

1909இல் அவருடைய முதல் பெருநூல் வெளியாயிற்று. முறை உலகெங்கும் பரவியது. ஆனால் முசோலினி ஆட்சியோடு மனம் ஒவ்வாமல் 1934இல் இத்தாலியை விட்டார். உள்நாட்டுப் போரால் 1936இல் ஸ்பெயினையும் விட்டு ஹாலந்து சேர்ந்தார். 1939 இறுதியில், தமது அறுபத்தொன்பதாம் வயதில், பிரம்மஞான சபையின் தலைவர் அருண்டேலும் அவர் துணைவியார் ருக்மிணி தேவியும் விடுத்த அழைப்பை ஏற்று மகனோடு சென்னை அடையாறு வந்தார். முதல் பயிற்சி வகுப்பில் முந்நூறுக்கு மேற்பட்டோர் சேர்ந்தார்கள். அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மாரியோ ஆங்கிலத்தில் சொல்லுவார்.

சில மாதங்களே தங்க வந்தவரை உலகப் போர் நிறுத்திவிட்டது. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் ஆங்கில அரசு மாரியோவைச் சிறைமுகாமில் வைத்தது. அம்மையார் அடையாறு எல்லையை விட்டுப் போகலாகாது என்று கட்டளையிட்டது. அவ்வாண்டு ஆகஸ்ட் 31ஆம் நாள் அவருக்கு எழுபது வயது நிறைந்தது. பிறந்தநாள் பரிசாக மகனை விடுதலை செய்வதாக வைஸ்ராயிடமிருந்து தந்தி வந்தது. அதுவரை உலகுக்கு முன் வளர்ப்புப் பிள்ளை என்றும் உறவினர் என்றும் அறியப்பட்ட மாரியோவை அத்தந்தி அவருடைய மகன் என்றே குறிப்பிட்டிருந்தது. நாற்பத்திரண்டு ஆண்டுகள் ஒரு தாய் காத்திருந்த சொல், அந்நிய அரசின் தந்தியில், நம் சென்னையில் அவருக்குக் கிடைத்தது.

1942 முதல் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கொடைக்கானலில் தங்கினார். போர்க்காலத்தில் மலையேறி வந்த பல நாட்டுப் பிள்ளைகள், பல மொழிப் பிள்ளைகள், பல வயதுப் பிள்ளைகள் அங்கே ஒன்றாகப் படித்தார்கள். வயது வாரியாகப் பிரிக்காதபோது பெரிய பிள்ளை சிறிய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதையும், சிறிய பிள்ளை பெரிய பாடத்தை ஒட்டிக் கேட்டு உள்வாங்குவதையும் கண்டார். அகமதாபாத், கராச்சி, இலங்கை எனப் பல இடங்களில் வகுப்புகள் நடத்தினார். அவருடைய புகழ்பெற்ற நூல்களில் ஒன்று, குழந்தையின் உள்வாங்கும் மனத்தைப் பற்றியது, 1949இல் அடையாறிலிருந்தே வெளிவந்தது. 1952ஆம் ஆண்டு மே 6ஆம் நாள், மாதா வணக்க மாதத்தில், ஹாலந்தின் கடற்கரை ஊராகிய நோர்ட்வைக்கில் இறைவனடி சேர்ந்தார். அங்குள்ள கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் துயில்கிறார்.

நாம் கற்கவேண்டியது

சிறு பிள்ளைகளுக்கு ஆசிரியர் ஆவதற்கு அம்மையார் சொன்ன வழி நம்மைத் திகைக்கச் செய்யும். பாடம் நடத்தும் திறமையை அவர் முதலில் கேட்கவில்லை. ஆசிரியர் முதலில் தம் உள்ளத்தைச் சோதிக்க வேண்டும். கோபத்தையும் ஆணவத்தையும் களைய வேண்டும் என்றார். தலையான பாவங்களில் இவ்விரண்டையும் மந்திரத்தில் படித்திருக்கிறோம். எதிர்த்துப் பேசமுடியாத சிறு பிள்ளைமுன் இவ்விரண்டும் எவ்வளவு எளிதாகத் தலைதூக்குகின்றன! அடுத்து, பேசாமல் பார்க்கக் கற்கவேண்டும். எந்தப் பிள்ளை எதைத் தொடுகிறது, எங்கே தயங்குகிறது என்று பார்த்து, வேண்டிய பொருளை வேண்டிய நேரத்தில் வைத்துவிட்டு விலகி நிற்கவேண்டும்.

நம் பகுதியின் பாலர் வகுப்பை எண்ணிப் பாருங்கள். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை, சௌராஷ்டிரமோ தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளை, பிழைப்புக்காக வடக்கிலிருந்து வந்த குடும்பத்தின் இந்தி பேசும் பிள்ளை, காது மந்தமான பிள்ளை, பேச்சு தாமதமான பிள்ளை, காலையில் பசியோடு வந்த பிள்ளை எல்லாரும் ஒரே பாயில் அமர்கிறார்கள். 1975இல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டமும், 1982இல் விரிவடைந்த சத்துணவும் அவர்களை ஓரிடத்தில் சேர்த்தன. சேர்ந்தவர்களில் ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்ப்பது திட்டத்தால் ஆகாது. ஆசிரியையின் கண்ணால்தான் ஆகும்.

இதைச் சொல்லும்போது நம்மையும் சோதித்துக்கொள்ள வேண்டும். மந்தம் என்று ஒரு பிள்ளையைக் கடைசியில் உட்கார வைத்தபோது நாம் வாளாவிருந்தோம். முதல் நன்மைக்கு ஆயத்தம் செய்யும் வகுப்பில் மந்திரம் மனப்பாடமாகாத பிள்ளையை அடுத்த ஆண்டு வரட்டும் என்று அனுப்பியிருக்கிறோம். ஏழைகளின் அறையில் பிறந்த மாண்டிசோரி முறை, கட்டணம் செலுத்தக்கூடியவர்க்கே உரியதென்று ஆகிவிட்டதைக் கண்டும் வருந்தாமல் இருந்தோம்.

பாலர் வகுப்பில் குறைந்த ஊதியத்துக்குப் பாடுபடும் நம் சகோதரிகளை ஆயாக்கள் என்று எளிதாக எண்ணிவிடுகிறோம். ஒரு மருத்துவர் தம் பட்டத்தை ஒதுக்கி வைத்து விரும்பி ஏற்ற பணி அது. நம் இளம் பெண்களிலும், ஏன், இளைஞர்களிலும் சிலர் இப்பணிக்குத் தம்மைக் கொடுக்க முன்வருவார்களானால், இந்த யூபிலிக்கு அதைவிடச் சிறந்த காணிக்கை வேறில்லை.

சிறு பிள்ளை ஒன்றை நடுவில் நிறுத்திச் சீடர்களுக்குப் பாடம் புகட்டிய ஆண்டவர், கடைசியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைக் காணும் கண்களை நமக்குத் தந்தருள்வாராக! குழந்தை இயேசு நம் பங்கின் குழந்தைகள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக!