விலையைக் கழற்றிப் பார்த்தவர் ஜி.டி.நாயுடு



நம்ம புதுக்கோட்டைப் பக்கம் திருவிழாவுக்கு மைக்செட் கட்டுகிற அண்ணன்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். நல்ல ஸ்பீக்கர் விலை வருஷா வருஷம் ஏறிக்கிட்டே போகுது என்பார்கள். அதுவாவது பிழைப்புக்கு வாங்குகிற ஸ்பீக்கர். வசதி படைத்தவர்கள் வீட்டில் பாட்டு கேட்பதற்கென்றே வருகிற ஸ்பீக்கர்களின் விலை மயக்கம் போட வைக்கும். அமெரிக்காவின் வில்சன் ஆடியோ நிறுவனம் 2016-ல் கொண்டு வந்த ஒரு ஜோடியின் விலை 6,85,000 டாலர்! அன்றைய கணக்குக்கே நாலு கோடி ரூபாய்க்கு மேல்.

அப்படி உள்ளே என்னதான் இருக்கு? இந்தக் கேள்வியைப் பொருளுக்குப் பொருள் கேட்டே வாழ்ந்து காட்டிய தமிழர்தான் ஜி.டி.நாயுடு.

கோவைக்குப் பக்கத்தில் கலங்கல் கிராமத்தில் 1893 மார்ச் 23-ல் பிறந்தார் கோபால்சாமி துரைசாமி நாயுடு. விவசாயக் குடும்பம். சின்ன வயதிலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. படிப்பு சீக்கிரமே நின்றுபோனது. ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்ததைப் பார்த்தார். அன்றைக்குப் பிடித்தது ஆசை! கோவைக்குப் போய் ஹோட்டலில் வேலை செய்து, காசு சேர்த்து, ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கினார். ஓட்டி மகிழ்ந்ததோடு விடவில்லை. அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி மறுபடி மாட்டினார். அதுதான் அவருக்குப் பாலிடெக்னிக்!

1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார். அது யு.எம்.எஸ். என்ற பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. பேட்டரியில் ஓடும் சவர ரேசரை உருவாக்கினார். 1937-ல் அவரும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து, இந்தியாவிலேயே தயாரான மின்மோட்டாரைக் கோவையில் கொண்டு வந்தார்கள். அந்த ஊர் மோட்டாருக்கும் பம்புக்கும் பேர் எடுத்ததற்கு அது ஒரு தொடக்கம்.

இங்கே ஒரு விஷயம் கவனியுங்கள். காந்தத்துக்கு நடுவே கம்பிச்சுருள், அதில் மின்சாரம் பாய்ந்தால் அசைவு. மோட்டாரில் அது சுற்றுகிறது. ஸ்பீக்கரில் வாய்ஸ் காயில் முன்னும் பின்னும் ஆடி, கோனைத் தள்ளி ஒலியாகிறது. இரண்டும் அண்ணன் தம்பிகள்தான்!

அந்தக் காலத்தில் ரேடியோ என்றால் பெரிய மனிதர் வீட்டுச் சாமான். 1941-ல் நாயுடு, ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று அறிவித்தார். 1952-ல் இரண்டு பேர் போகும் சிறு காரை 2,000 ரூபாய் விலையில் உருவாக்கினார். அரசின் லைசென்ஸ் கிடைக்காமல் அந்தக் கார் நின்றுபோனது. மலிவு ரேடியோவும் அவர் வழியாக வீடுதோறும் போய்ச் சேரவில்லை. பிற்காலத்தில் டிரான்சிஸ்டர் வந்துதான் அதைச் செய்தது. மனம் வெறுத்து, வரிச்சுமையைக் கண்டித்துத் தாம் உருவாக்கிய பொருட்களைப் பொதுமக்கள் முன்னிலையிலேயே உடைத்தார். பெற்ற பிள்ளையைத் தானே அடிப்பது மாதிரி எவ்வளவு வலித்திருக்கும்!

நம்மைப் போன்ற மாணவர்களுக்கும் அவர் சொந்தக்காரர்தான். 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் வந்ததற்கு அவர் முக்கிய காரணம், முதல்வராகவும் இருந்தார். நாலு வருஷப் படிப்பு வீண், கைவேலையோடு சொல்லித் தந்தால் இரண்டு வருஷம் போதும் என்பது அவர் கட்சி. அரசு ஒத்துக்கொள்ளவில்லை. பதவியை விட்டு விலகினார். 1974 ஜனவரி 4-ல் காலமானார். 2025-ல் கோவை அவினாசி சாலை மேம்பாலத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள்.

இனி ஸ்பீக்கரை அவர் கண்ணால் பாருங்கள். காந்தம், காயில், கோன், கிராஸ்ஓவர், பெட்டி. விலை ஏற நியாயமான காரணமும் உண்டு. 2010, 2011-ல் சீனா ஏற்றுமதியைக் குறைத்தபோது நியோடைமியம் காந்தத்தின் விலை பல மடங்கு எகிறியது. அதிராத கனமான பெட்டி செய்யவும் செலவு ஆகும். கொஞ்சம் பேரே வாங்கும் பொருள் என்பதால் ஆராய்ச்சிச் செலவு முழுதும் அவர்கள் தலையில் விழும். ஆனால் பேருக்காகவும் பகட்டுக்காகவும் ஏற்றிய விலையும் அதில் கலந்திருக்கும். எது உழைப்பின் விலை, எது பேரின் விலை என்று பிரித்துச் சொல்ல, உள்ளே இருப்பது தெரிந்தவனால்தான் முடியும்.

நம்மில் பல பேர் வீட்டில் முதல் முதலாக டிப்ளமோ படிக்க வந்தவர்கள். கோடி ரூபாய் ஸ்பீக்கர் நமக்கு எட்டாது; ஸ்குரூடிரைவர் எட்டும். ஓடாமல் மூலையில் கிடக்கிற பழைய பெட்டி ஒன்று எல்லா ஊரிலும் இருக்கு. இந்த லீவுக்கு அதைக் கழற்றுங்கள், காயிலைச் சுற்றுங்கள், மறுபடி பாட வையுங்கள். நாயுடுவுக்கு நாம் போடும் மாலை அதுதான்!

- இரண்டாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் துறை