நிக்கல்சன் துரை

பொருளைக் காப்பது எங்ஙனம், எத்தொழிலிற் புகுவது, எவ்விடத்தில் மனை வாங்குவது என்று பிறர்க்குப் புத்தி புகட்டும் நிபுணரை நம் ஊராகிய மாங்காட்டில் யாரும் தேடிச் செல்லவேண்டுவதில்லை. அவர்களே நம்மைத் தேடி வருவர். காமாட்சியம்மன் கோயிலுக்கு வருவோர் கையிலும் மனைப்பிரிவின் துண்டுக் காகிதம் ஒன்று திணிக்கப்படுகின்றது. நம் தெருவினர் ஒருவர் அத்தகையோர் சொல்லை நம்பிக் கடன் பெற்று மனை வாங்கினார். ஐப்பசி மழையில் அம்மனையில் முழங்காலளவு நீர் நின்றது. புத்தி சொன்னவர்க்கோ ஒரு காசும் நஷ்டமில்லை. தரகுப்பணம் அவரிடம் பத்திரமாகவே இருந்தது.

கடன் கொள்வோனுக்கு யார் புத்தி சொல்லத் தக்கவர் என்னும் இவ்வினாவை நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முன்னரே ஆராய்ந்தவர் ஒருவர் நம் சென்னை மாகாணத்தில் இருந்தார். அவரே சர் பிரடெரிக் அகஸ்டஸ் நிக்கல்சன்.

1846-இல் பிறந்த இவர், 1869-இல் சிவில் உத்தியோகஸ்தராகச் சென்னை மாகாணத்துக்கு வந்தார். திருநெல்வேலி, கோயம்புத்தூர் முதலிய ஜில்லாக்களில் கலெக்டராக விளங்கினார். 1887-இல் வெளிவந்த கோயம்புத்தூர் ஜில்லா வரலாற்று நூல் இவர் எழுதியதே. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த தாது வருஷப் பஞ்சம் இவர் இளமையில் நம் நாட்டைச் சூறையாடிற்று. உழவன் விதைக்கும் கடன், மாட்டுக்கும் கடன், சர்க்கார் கிஸ்திக்கும் கடன். அக்கிஸ்தியைத் தண்டுபவர் கலெக்டரே யாதலின், உழவனைக் கடனில் ஆழ்த்திய கைகளுள் இவர் கையும் ஒன்று என்பதை நாம் மறைத்துக் கூறுதல் முறையன்று.

1892-இல் சென்னை அரசாங்கத்தார், ஐரோப்பாவில் உழவர்க்கென்று ஏற்பட்ட பாங்குகளை ஆராய்ந்து வருமாறு இவரை ஏவினர். அவ்வாராய்ச்சியின் அறிக்கை 1895-இலும் 1897-இலும் இரண்டு பாகங்களாக வெளிவந்தது. அதில் இவர் மனத்தை முற்றும் கவர்ந்தவர் ஜெர்மனி தேசத்து ரைபைசன் என்பவர். அவர் செல்வரல்லர், கண்பார்வை மங்கிய ஒரு சிற்றூர்த் தலைவர். 1846-47ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் ஏழைகட்கு ரொட்டி கிடைக்க வழிசெய்தவர், பின்னர் ஊர்தோறும் கடன் சங்கங்களை நிறுவினார். அயலானிடத்து அன்பு என்று நாம் ஞாயிறுதோறும் கேட்கும் சொல்லை அக்கிறிஸ்தவர் கணக்குப் புத்தகத்திலும் கொண்டுவந்து வைத்தார்.

நிக்கல்சன் கண்ட உண்மை இதுவே. வட்டிக்காரனை ஏசுவதால் பயனில்லை. உழவன் அவனிடம் செல்வது மூடத்தனத்தாலன்று. அவன் அண்டைவீட்டில் இருக்கின்றான், நள்ளிரவிலும் பணம் தருகின்றான், காகிதம் பல கேட்பதில்லை. பட்டணத்துப் பெரிய பாங்கிற்கோ கிராமத்தானின் குணம் தெரியாது. சர்க்காரே பணத்தை வாரி வழங்கினாலும் அது குறைந்த வட்டிக்கு வந்த மற்றொரு கடனாகவே முடியும். ஆதலின் ஊராரே சேர்ந்து சங்கமாகித் தம் சிறு சேமிப்பைத் திரட்டித் தமக்குள் கடன் கொடுத்துக்கொள்ள வேண்டும். ஒருவன் தவறினால் மற்றையோர் அனைவரும் தத்தம் சொத்தளவும் பொறுப்பேற்க வேண்டும்.

இப்பொறுப்பிலேதான் அவ்வேற்பாட்டின் உயிர் இருக்கின்றது. கல்யாணச் செலவுக்கா, கிணறு வெட்டவா என்று கடன் கேட்பவனை அண்டை வீட்டான் வினவுவான். கிணறு எனில் அவ்விடத்தில் நீர் ஊறுமா என்பதும் அவனுக்குத் தெரியும். நண்பன் நொடித்தால் தன் காணியும் போமாதலின், அவன் சொல்லும் புத்தி தரகுக்காகச் சொல்லும் புத்தியாகாது. நம் தெருவினர்க்கு அம்மனையைக் காட்டியவர் இத்தகைய பொறுப்பு ஏற்றிருப்பின் மழைக்காலத்தில் ஒருமுறை அங்கே சென்று பார்த்திருப்பார் என்று எண்ணுகின்றோம்.

சென்னையில் அந்நாளிலேயே நடந்துவந்த நிதிகளையும் நிக்கல்சன் விரிவாக ஆராய்ந்தார். மாதந்தோறும் சிறுதொகை கட்டி, வேண்டியபோது கடன் பெறும் அந்நிதிகள் நம்மவர் தாமே கண்ட வழி. கூட்டுறவு முழுவதும் சீமையிலிருந்து கப்பலேறி வந்தது என்பார் இதனை நினைவிற்கொள்க.

இத்துணை உழைப்பையும் சென்னை அரசாங்கம் அப்போது ஏற்றுச் செயற்படுத்தவில்லை. நிக்கல்சன் சோர்ந்தாரில்லை. 1901-ஆம் ஆண்டுப் பஞ்ச விசாரணைக் குழுவிலும், பின்னர் எட்வர்டு லா என்பார் தலைமையில் கூடிய குழுவிலும் அங்கத்தினராக அமர்ந்தார். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டிலேயே, மாங்காட்டைப் போலவே அந்நாளில் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த திரூரில், திருவள்ளூருக்கருகே, உழவர் கடன் சங்கம் ஒன்று தோன்றிற்று. இரண்டாண்டு கழித்து, 1906-இல், ஆர்பத்நாட் என்னும் பெரிய கம்பெனி சென்னையில் முறிந்து, அதனை நம்பிப் பணம் போட்டோர் பலர் கையற்று நின்றனர். தொலைவிலுள்ள பெரும் பெயரை நம்புவதன் அபாயத்தை அப்போது பட்டணத்தார் நன்கறிந்தனர்.

குறையும் கூறுவோம். காணியுள்ளவன் சொத்தைப் பிணையாக்கலாம். காணியில்லாக் கூலியாளுக்கு அச்சங்கத்தில் என்ன இடம்? இக்கேள்விக்கு நிக்கல்சன் திட்டம் போதிய விடை தரவில்லை என்பது எம் எண்ணம். மேலும், சேமிப்பு முன்னும் கடன் பின்னுமாக அவர் வகுத்த முறை பிற்காலத்தில் பல இடங்களில் தலைகீழாயிற்று.

உத்தியோகத்தினின்று ஓய்வு பெறும் வயதில் இவர் புதுத்தொழில் ஒன்றிற் புகுந்தார், அது மீன்வளம். அதன்பொருட்டு ஜப்பானுக்கும் சென்று வந்தார். 1907-இல் உருப்பெற்ற சென்னை மீன்துறையைச் சம்பளமின்றி நடத்தினார். மலையாளக் கரையில் மத்தி மீனிலிருந்து எண்ணெயும் எருவும் எடுக்கும் முறையை மீனவர்க்குக் கற்பித்தார். கற்பிக்குமுன் தாமே சோதனைச் சாலையில் செய்து பார்த்தார் என்பது குறிப்பிடத்தக்கது. 1918-இல் அப்பொறுப்பினின்று விலகி, 1936-இல், தொண்ணூறு வயதளவில், இவர் காலமானார்.