மேடையில் மலையை எழுப்பிய நவாப் ராஜமாணிக்கம்

கார்த்திகை பிறந்தால் சிரம்பான், போர்ட்டிக்சன், பகாவ் வட்டாரங்களில் கறுப்பு வேட்டி கட்டி மாலை போட்டுக்கொள்ளும் ஐயப்ப பக்தர்களுக்கு நம்பியார் சாமியைத் தெரியாமல் இருக்காது. திரையில் வில்லனாக மிரட்டிய எம்.என்.நம்பியார், நிஜ வாழ்க்கையில் பல்லாயிரம் பேருக்குக் குருசாமி. அந்த நம்பியாருக்கே சபரிமலைக்கு வழிகாட்டியவர் ஒரு நாடகக்காரர். அவர்தான் நவாப் ராஜமாணிக்கம் பிள்ளை.

1906இல் பிறந்த ராஜமாணிக்கம், சிறுவனாக இருந்தபோதே ஜெகந்நாத ஐயரின் மதுரை பால மீனரஞ்சனி சங்கீத சபாவில் சேர்ந்தார். அது 'பாய்ஸ் கம்பெனி'களின் காலம். பையன்களைச் சேர்த்து, சாப்பாடு போட்டு, பாட்டும் நடிப்பும் சொல்லிக்கொடுத்து, ராஜா வேடம் முதல் ராணி வேடம் வரை அவர்களையே போட வைப்பார்கள். இரவெல்லாம் பாட்டாகவே நகரும் இசை நாடகங்கள் அவை. மேல்நாட்டார் ஓபரா என்று சொல்வதற்குத் தமிழில் மிகவும் நெருங்கியது இதுதான்.

பின்னர் அவர் மதுரை தேவி பால விநோத சங்கீத சபா என்ற பெயரில் தனிக் கம்பெனி தொடங்கினார். 'பக்த ராமதாஸ்' அதன் புகழ்பெற்ற நாடகம். பத்ராசலத்தில் ராமனுக்குக் கோவில் கட்ட அரசாங்கப் பணத்தைச் செலவழித்துச் சிறைப்பட்ட கோபண்ணாவின் கதை அது. அதில் கோல்கொண்டா நவாபாக வந்தவர் ராஜமாணிக்கம். அந்த வேடம் அவருக்கு அத்தனை பொருந்திப்போனதால், 'நவாப்' என்பது அவர் பெயரின் முன்னே ஒட்டிக்கொண்டது. நெற்றியில் திருநீறு துலங்கும் பக்தரை ஊரே நவாப் என்று அழைத்ததில் யாருக்கும் முரண்பாடு தெரியவில்லை.

பாட்டுக்காகச் சில கம்பெனிகளுக்குக் கூட்டம் வந்தது, நகைச்சுவைக்காகச் சிலவற்றுக்கு வந்தது. ராஜமாணிக்கத்தின் கொட்டகைக்கு மக்கள் காட்சிகளைப் பார்க்க வந்தார்கள். 'தசாவதாரம்', 'சம்பூர்ண ராமாயணம்', 'கிருஷ்ணலீலா' என்று அவர் எடுத்துக்கொண்ட கதைகளில் கடல் வேண்டும், காடு வேண்டும், தேவர்கள் வானத்திலிருந்து இறங்க வேண்டும். அவருக்கு முன்பே கன்னையா கம்பெனி பிரமாண்டமான 'தசாவதாரம்' போட்டுப் பெயர் வாங்கியிருந்தது. அந்த வரிசையில் அடுத்து நிற்கத் துணிந்தவர் ராஜமாணிக்கம்.

அக்கால மேடை வேலையைச் சற்று விளக்கினால்தான் அந்தத் துணிச்சல் புரியும். தெரு, தர்பார், நந்தவனம், காடு என்று வரைந்த படுதாக்கள் உருளைகளில் சுருண்டு மேலே தொங்கும். கயிற்றை இழுத்தால் ஒன்று ஏறும், இன்னொன்று இறங்கும். இரு பக்கமும் தட்டிகள் நிற்கும். நீலத் துணியை இரு பக்கமும் ஆட்கள் பிடித்து ஆட்டினால் அலை, தகரத்தை உலுக்கினால் இடி. பறக்க வேண்டியவரைக் கம்பியில் மாட்டிக் கப்பியால் தூக்குவார்கள். விளக்கு மாறும் கணத்தில் ஒரு காட்சி மறைந்து மற்றொன்று தெரிவதற்கு 'டிரான்ஸ்பர் சீன்' என்று பெயர். சினிமாவில் தவறினால் மறுபடி எடுக்கலாம். இங்கே கயிறு சிக்கினால் விஷ்ணு அந்தரத்தில் தொங்குவார். திரைக்குப் பின்னால் இருப்பவர் ஒரு விநாடி பிசகாமல் வேலை செய்ய வேண்டும். ராஜமாணிக்கத்தின் கண்டிப்பு பெயர் போனது என்றால், அதற்குப் பக்தி மட்டும் காரணமல்ல.

இந்தப் படுதா மேடை மலேசியாவுக்கும் சொந்தம்தான். பம்பாய்ப் பார்சி நாடகக் குழுக்கள் 19ஆம் நூற்றாண்டில் ஒரு பக்கம் தென்னிந்தியாவுக்கும் மறுபக்கம் மலாயாவுக்கும் வந்தன. அப்படி வந்த ஒரு குழுவின் மேடைச் சாமான்களை வாங்கித்தான் மாமாக் புஷி 1885 வாக்கில் பினாங்கில் தம் பங்சாவான் குழுவைத் தொடங்கினார். மலாய் ஓபரா என்று அழைக்கப்படும் பங்சாவானிலும் அதே தெரு, அதே அரண்மனை, அதே காட்டுப் படுதாக்கள். கும்பகோணத்துக் கொட்டகையையும் பினாங்கு மேடையையும் ஒரே பார்சி வண்ணம் தொட்டிருக்கிறது.

நெகிரி செம்பிலான் ரப்பர் தோட்டங்களில் திருவிழாவுக்கும் தீபாவளிக்கும் போட்ட நாடகங்களுக்கு அவ்வளவு வசதி ஏது? பலகை அடுக்கிய மேடை, கட்டித் தொங்கவிட்ட புடவை, ஒரு கேஸ் விளக்கு. ஆனால் மேடைப் படுதாவின் சாயல் வேறு வழியில் லயத்து வீடுகளுக்குள் வந்துவிட்டது. நாள்காட்டிச் சாமி படங்களால் புகழ்பெற்ற கோவில்பட்டி ஓவியர் கொண்டய்ய ராஜு, அதற்கு முன் ஊர் ஊராகச் சென்ற நாடகக் கம்பெனிக்குப் படுதா எழுதியவர். முருகனுக்குப் பின்னால் தெரியும் அந்த நீல மலையும் அருவியும் எங்கிருந்து வந்தன என்பதை ஊகிப்பது கடினமல்ல.

1935இல் 'பக்த ராமதாஸ்' திரைப்படமானது. முருகதாசா இயக்கினார். பெண் வேடங்கள் உட்பட எல்லா வேடங்களிலும் கம்பெனி ஆண்களே நடித்தார்கள். பதின்மூன்று வயதில் கம்பெனியில் சேர்ந்த நம்பியாருக்கு அதுதான் முதல் படம், அதுவும் நகைச்சுவை வேடம். மற்றவர்கள் அங்கிருந்து சினிமாவுக்கு நடந்தார்கள். ராஜமாணிக்கம் மேடைக்கே திரும்பினார். இது பிடிவாதம் என்று அன்று சிலருக்குத் தோன்றியிருக்கலாம். கேமரா செய்யும் தந்திரத்தை மனிதக் கைகளே செய்துகாட்டுவதில்தான் அவருக்கு ஈடுபாடு இருந்தது என்று எடுத்துக்கொள்வதே பொருத்தம்.

'ஏசுநாதர்' நாடகத்தை அவர் போட்டது இன்றும் வியப்பூட்டுகிறது. சிவனையும் ராமனையும் பாடிய பையன்கள் கிறிஸ்துவின் வாழ்க்கையை நடித்தார்கள். தர்பார் படுதாவையும் நந்தவனத்தையும் வைத்து அதைச் சமாளிக்க முடியாது. கம்பெனிக்குப் புதுப் பாட்டு, புது உடை, புதுக் காட்சி எல்லாம் வேண்டும். அந்தச் செலவை ஏற்க ஒரு முதலாளி முன்வந்தார் என்றால், அவர் டிக்கெட் கணக்கை மட்டும் பார்த்தவராக இருக்க முடியாது.

ஆனால் காலத்தில் நிலைத்தது 'ஸ்ரீ ஐயப்பன்'தான். அந்நாளில் தமிழ்நாட்டில் சபரிமலைக்குப் போய்வந்தவர்கள் குறைவு. காட்டு வழி, யானை பயம், நாற்பத்தொரு நாள் விரதம். அப்படிப்பட்ட மலையை ராஜமாணிக்கம் கொட்டகைக்குக் கொண்டுவந்தார். தாயின் தலைவலிக்குப் புலிப்பால் தேடிக் காட்டுக்குப் போகும் மணிகண்டன் கதையை, தரையில் உட்கார்ந்த தமிழ்க் குடும்பங்கள் கண்ணெதிரே பார்த்தன. அவர்களில் எத்தனையோ பேருக்கு முதல் சபரிமலை, துணியில் எழுதிய சபரிமலைதான். அவர் மேடையோடு நின்றுவிடவும் இல்லை. தாமே விரதமிருந்து மலைக்குப் போனார், நம்பியாரையும் கூட்டிச் சென்றார்.

1950இல் சபரிமலைக் கோவில் தீக்கிரையானது. புதிய ஐம்பொன் விக்கிரகத்தைச் செய்து கொடுத்த மதுரை பி.டி.ராஜன், பிரதிஷ்டைக்கு முன் அதைத் தமிழ்நாட்டு ஊர்கள் வழியே ஊர்வலமாகக் கொண்டுசென்றார். அந்தப் பணியில் ராஜமாணிக்கமும் உடன் நின்றார். நாடகத்தில் பார்த்த சாமி தெருவுக்கே வந்ததும், மலைக்குப் போகிறவர்கள் தொகை ஆண்டுக்காண்டு கூடியது. தமிழ்நாட்டோடு உறவு விடாத மலாயாத் தமிழர்களிடமும் அந்த வழிபாடு பின்னாளில் பரவியது.

சினிமா கொட்டகைகள் பெருகப் பெருக, நூறு பேருக்குச் சோறு போட்டு, வண்டி வண்டியாகச் சாமான் ஏற்றிச் செல்லும் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. ராஜமாணிக்கம் 1974இல் மறைந்தார். வஜ்ஜிரமும் வண்ணமும் கலந்து எழுதிய படுதாக்கள் ஈரத்துக்கும் கரையானுக்கும் தாங்குபவை அல்ல. அவற்றை எழுதிய கைகளும், கயிறு இழுத்த கைகளும் யாருடையவை என்று நாடக நோட்டீஸ்கள் அச்சிட்டதில்லை. நம்பியார் மட்டும் 2008இல் மறையும் வரை, தம் குரு காட்டிய மலைக்கு அறுபது முறைக்கு மேல் ஏறியிருந்தார்.