அழைப்புகளை அளந்த அறிஞர்

அக்னர் கிராரூப் எர்லாங், டென்மார்க் நாட்டின் லோன்போர்க் என்னும் சிற்றூரில் 1878ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் பிறந்தார். இவர் தந்தை அவ்வூர்ப் பள்ளியின் ஆசிரியர். தமையன் நூலை விரித்துப் படிக்கையில், எதிரே அமர்ந்து அதனைத் தலைகீழாகவே படிக்கும் திறம் இளமையிலேயே இவருக்கு வாய்த்திருந்தது. பதினான்காம் வயதில், சிறப்பு அனுமதி பெற்றுக் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத் தேர்வெழுதிச் சிறப்பாகத் தேறினார். 1901இல் கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்றுச் சில ஆண்டுகள் பள்ளிகளில் கற்பித்தார்.

1908இல் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனம் இவரைப் பணியில் அமர்த்தியது. அங்கே ஒரு சிக்கல் காத்திருந்தது. இணைப்புத் தடங்கள் குறைந்தால் அழைப்போர் ஏமாற்றமடைவர். மிகுந்தால் பொருள் வீணாகும். எத்தனை தடங்கள் போதும்?

யார் எப்போது அழைப்பார் என்பதை எவரும் முன்னறிய இயலாது. ஆயினும், பலருடைய அழைப்புகளை ஒருங்கே நோக்கினால் அவை நிகழ்தகவு விதிக்கு அடங்கும் என்பதை 1909இல் எர்லாங் நிறுவினார். அழைப்புகளில் எத்தனை பங்கு இணைப்பின்றித் திரும்பும் என்பதைக் கணக்கிடும் வாய்பாட்டை 1917இல் வெளியிட்டார்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு மணி நேரத்தில் 60 அழைப்புகள் வருகின்றன. ஒவ்வொன்றும் சராசரியாக 3 நிமிடம் நீடிக்கிறது எனக் கொள்வோம். மொத்தம் 180 நிமிடம். ஆகவே 3 தடங்கள் போதும் என்று தோன்றும். ஆனால், அழைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வருவதில்லை. 3 தடங்களே இருப்பின், மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மிகுதியான அழைப்புகள் இணைப்பின்றித் திரும்பும். 8 தடங்கள் இருப்பின், நூற்றில் ஒன்றுக்கும் குறைவானவையே திரும்பும். சராசரியை மட்டும் நம்புவோர் ஏமாறுவர் என்பதே இவர் கணக்கு உணர்த்தும் உண்மை.

பிரிட்டன் அஞ்சல் துறை இவ்வாய்பாட்டை ஏற்றுக்கொண்டது. ஏட்டுக் கணக்கோடு எர்லாங் நின்றுவிடவில்லை. ஏணி சுமந்த பணியாளர் உடன்வர, நகரத் தெருக்களின் ஆட்குழிகளில் இறங்கித் தாமே அளவெடுத்தார். இல்லறம் ஏற்காத இவர், வறியோர்க்கு உதவுவதில் மகிழ்ந்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நோயால் ஒருநாளும் விடுப்பெடுக்காத இவர், 1929ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள், அறுவை மருத்துவத்திற்குப் பின் தமது 51ஆம் வயதில் மறைந்தார்.

ஒரு தடம் ஒரு மணி நேரம் முழுவதும் பயன்பாட்டில் இருப்பின், அதன் சுமை ஓர் எர்லாங் ஆகும். இப்பெயரைப் பன்னாட்டுத் தொலைபேசிக் குழு 1946இல் ஏற்றது. கணினி வலைப்பின்னல்களில் தரவுகள் காத்திருக்கும் வரிசையை ஆராயும் இன்றைய பொறியாளர்களுக்கும் இவர் வகுத்த கணக்கே அடித்தளமாகும்.