யூசுப் கான்: இரு எஜமானர்களுக்கு இடையே சிக்கிய தளபதி

ஆங்கிலேயக் கிழக்கிந்திய கம்பெனிக்குப் பல வெற்றிகளைத் தேடித்தந்த தளபதி யூசுப் கான், 1764ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் தேதி மதுரையில் தூக்கிலிடப்பட்டார். தண்டனைக்கு உத்தரவிட்டவர் ஆற்காடு நவாப் முகமது அலி. அவரைத் தோற்கடித்ததோ அதே கம்பெனியின் படை.

ராமநாதபுரம் சீமையின் பனையூரில் பிறந்ததாகக் கூறப்படும் மருதநாயகம், இஸ்லாத்தைத் தழுவி யூசுப் கான் ஆனார். கம்பெனியின் சிப்பாய்ப் படையில் சேர்ந்து அதன் தலைமைப் பதவிக்கு உயர்ந்தார். 1758-59இல் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது, பிரெஞ்சுப் படைக்கான உணவு வழிகளைத் தாக்கி முற்றுகை முறியக் காரணமானோரில் இவர் முக்கியமானவர்.

1759இல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் நிர்வாகம் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பூலித்தேவர் உள்ளிட்ட பாளையக்காரர்களை ஒடுக்கினார். பாசனக் குளங்களைச் சீரமைத்தார். வரி வசூலும் பெருகியது.

இந்த வெற்றியே அவருக்கு வினையானது. அவரை நியமித்தது கம்பெனி, நாட்டுக்கு உரிமை கோரியவரோ நவாப். தனக்குக் கட்டுப்படாமல் படையும் பணமும் கொண்டிருந்த ஒருவரை நவாப் அச்சத்துடனேயே பார்த்தார். கம்பெனியும் இறுதியில் நவாபின் பக்கம் சாய்ந்தது.

1763இல் பிரெஞ்சுக்காரர்களின் துணையுடன் யூசுப் கான் கிளர்ந்தெழுந்தார். மதுரைக் கோட்டையின் முதல் முற்றுகையை முறியடித்தார். மறு ஆண்டு, சொந்த முகாமில் இருந்தவர்களாலேயே காட்டிக்கொடுக்கப்பட்டார்.

தளபதியை அகற்றியதால் நவாபின் அதிகாரம் வலுப்பெறவில்லை. 1801இல் கர்நாடகப் பகுதியின் ஆட்சி முழுவதையும் கம்பெனியே எடுத்துக்கொண்டது.